அண்ணி எழுதாமல் விட்ட ஐந்து கட்டங்கள்

அடுப்படியில் நின்றபடியே அகராதிகளைத் தோற்கடித்த என் அண்ணிக்கு,

நீங்கள் போய் இந்த மாசியோடு ஒரு வருஷம் ஆகிறது. அண்ணன் நன்றாக இருக்கிறார். நன்றாக என்றால், செந்தூல் பட்டறைக்குப் போகிறார், வருகிறார், நான் வைக்கிற குழம்பை வாய் திறக்காமல் சாப்பிடுகிறார். என் குழம்பு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதையே ஒரு மனுஷன் குறை சொல்லாமல் சாப்பிடுகிறார் என்றால் அவர் மனசு எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதி நம் வாசகசாலைப் பலகையில் ஒட்டப்போகிறேன். உங்களிடம் நான் வாங்கிய திட்டு ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்கக் கேட்டது. புகழ்ச்சியும் அதே அளவுக்குக் கேட்கட்டும். போன சனிக்கிழமை ஒன்று நடந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உங்களைத் தெரியாதவர்களும் படிப்பார்களே, முதலிலிருந்து சொன்னால்தான் அவர்களுக்கு விளங்கும். உங்களுக்குத் தெரிந்த கதைதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகசாலைக்கு மதராஸிலிருந்து ஒரு வார இதழ் வரும். அதில் குறுக்கெழுத்துப் புதிர் இருக்கும். கப்பலில் சுவெட்டன்ஹம் துறைக்கு வந்து, அங்கே ரயிலேறி, கோலாலம்பூர் ஸ்டேஷனில் பார்சல் கணக்கெழுதும் கிராணியான என் கைக்கு வந்து சேர்வதற்குள் விடை அனுப்பக் கடைசி நாள் போயே போயிருக்கும். பரிசுக்கு ஆசைப்பட வழியே இல்லை. அதனால்தானோ என்னவோ, நம் ஆட்களுக்கு விடையைவிட விளக்கத்தில்தான் மோகம். ஞாயிற்றுக்கிழமை பசியாறிவிட்டு வந்து, கரும்பலகையில் கட்டம் போட்டு, இந்தக் குறிப்புக்கு ஏன் இந்த விடை என்று ஒவ்வொருவராக எழுந்து விளக்க வேண்டும். விளக்காமல் எழுதினால் காரியதரிசி ஐயா துணியால் அழித்துவிடுவார்.

இதழை வீட்டுக்கு எடுத்துப்போக விதி இல்லை. பெண்கள் உள்ளே வரவும் விதி இல்லை. ஆகவே நான் குறிப்புகளை மட்டும் பார்சல் ரசீதின் முதுகில் கிறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். கிள்ளான் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட நீங்கள், என் கோழிக்கிறுக்கலை வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பீர்கள்.

முதல் நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. 'தலையில் வைத்தால் ராஜா. தலையை எடுத்தால் தண்ணீர் மொள்ளலாம்.' நாலு எழுத்து. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நீங்கள் கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தீர்கள்.

"ராஜா தலையில என்ன வைப்பாரு தம்பி?"

"கிரீடம். அதுவும் நாலு எழுத்துதான், பொருந்தலையே."

"வேற பேரு சொல்லுங்க."

"மகுடம்."

"அதோட தலையை எடுங்க. மிச்சம் என்ன? என் கையில இருக்கிறதைப் பார்த்துச் சொல்லுங்க."

உங்கள் கையில் குடம் இருந்தது. நான் துள்ளிக் குதித்தேன். நீங்கள் குதிக்கவில்லை. "விடை கிடக்கட்டும் தம்பி. இதை எழுதினவன் நம்மளை எந்தச் சந்துல தள்ளப் பார்த்தான்னு பாருங்க. தலையை எடுத்தால்னதும் உங்களுக்கு வெட்டுக்குத்து ஞாபகம் வந்துச்சுல்ல? அவன் எடுக்கச் சொன்னது எழுத்தோட தலையை," என்றீர்கள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். விடை கண்டுபிடிக்கிறவர்கள் நாலு பேர் இருப்பார்கள். எழுதினவன் மனசுக்குள் நுழைந்து, அவன் எங்கே நின்று சிரித்தான் என்று காட்டுகிறவர் ஒருவர்தான் இருந்தார்.

வாசகசாலையில் நான் எதையும் மறைக்கவில்லை. அதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் "இது எங்க அண்ணி சொன்ன விளக்கம்" என்றுதான் ஆரம்பித்தேன். யார் நம்பினார்கள்? "தம்பிக்கு அடக்கம் ஜாஸ்திலா" என்று காரியதரிசி ஐயா முதுகில் தட்டினார். பொறுத்தேன், பொறுத்தேன், ஒரு நாள் பொங்கிவிட்டது. பெஞ்சைத் தட்டி, "எங்க அண்ணியையே இங்க வந்து நிக்கச் சொல்றேன். முழுக் கட்டத்தையும் விளக்குவாங்க. அப்ப என்ன செய்வீங்க?" என்று கத்தினேன். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல்.

காரியதரிசி ஐயா விட்டாரா? அங்கேயே தீர்மானம் போட்டார். அடுத்த இதழ் வரும் பார்சலை எல்லார் முன்னாலும் பிரிப்பது, அந்தம்மா தனியாக எல்லாக் கட்டத்தையும் விளக்குவது. விளக்கிவிட்டால் சனிக்கிழமை பிற்பகல் வாசகசாலை பெண்களுக்கு, புது இதழும் முதலில் அவர்களுக்குத்தான். ஒன்று தவறினாலும் பெண்கள் வருகிற பேச்சை இனி யாரும் எடுக்கக்கூடாது.

வீட்டில் வந்து சொன்னபோது கரண்டியோடு திரும்பினீர்கள். "என்னைக் கேட்டீங்களா? வீட்டுப் பொம்பளையைக் கொண்டுபோய்ப் பந்தயத்துல வைப்பீங்களா?" என்று நீங்கள் கேட்டதை எதிர் வீட்டுக்காரர்கள்கூட இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். ராத்திரி தட்டில் சோறு போடும்போது மெதுவாகச் சொன்னீர்கள். "மிளகு மடிச்ச தாள்ல பாதிக் கதை படிச்சே காலம் போச்சு. யாரும் தொடாத புத்தகத்தை ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கணும். வரேன்னு சொல்லிடுங்க."

அந்த ஞாயிறு ஆண்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே குவாட்டர்ஸ் பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. அண்ணன் கதவோரம் நின்றார். முதல் இரண்டு கட்டத்தை மெதுவாக, எழுத்தெழுத்தாக அழுத்தி எழுதினீர்கள். அப்புறம் ஒவ்வொரு குறிப்பையும் பிரித்துப் போட்டு, இது பொருள், இது பொறி, இது வழி என்று காட்டிக்கொண்டே போனீர்கள். கேலி பேச வந்தவர்கள் தாங்கள் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, "அடுத்தது அடுத்தது" என்றார்கள்.

ஒன்றே ஒன்று மிச்சம். 'கோலும் கையும் சேர்ந்தால் பழனியில் நிற்கும்.' ஐந்து எழுத்து. நீங்கள் குறிப்பைப் படித்தீர்கள். சாக்பீஸைக் கீழே வைத்தீர்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சும்மா நின்றீர்கள்.

எனக்கும் விடை தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் சாப்பிட்டவனுக்குத் தெரியவில்லை என்றால் நான் எப்பேர்ப்பட்ட மடையன் பாருங்கள். ஜன்னலில் இருந்த பெண்கள் முகம் வாடிப்போனது.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லலாம்மா. குத்தமில்லை," என்றார் காரியதரிசி ஐயா.

"தெரியுமுங்க."

"அப்ப எழுதுங்க."

"நான் எழுதக்கூடாதுங்க."

"சரி, வாயால சொல்லுங்க."

"சொல்லவே கூடாதுங்க."

பின் பெஞ்சில் பாயின்ட்ஸ்மேன் செல்லமுத்து அண்ணன்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே திரும்பிக் கதவோரம் பார்த்தார். ஒவ்வொரு தலையாகத் திரும்பியது. கட்டினவர் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று வளர்ந்தவர் நீங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வீர்கள். தமிழ்ப் பெண் சொல்லக்கூடாத பெயர் உலகத்தில் ஒன்றுதானே? நீங்கள் சொல்ல மாட்டேன் என்றதே அந்தக் குறிப்புக்கு விளக்கமாகப் போய்விட்டது.

காரியதரிசி ஐயாவும் சிரித்துவிட்டார். ஆனால் விதி விதிதான், விளக்கம் வேண்டும் என்றார். நீங்கள் தயங்கவில்லை. "கோலுக்கு ஒரு பேரு இருக்கு, கைக்கு வடமொழியில ஒரு பேரு இருக்கு. ரெண்டையும் ஒட்டுனா பழனி ஆண்டவரு. எழுத வேண்டியவரு அதோ நிக்கிறாரு."

அண்ணன் வந்தார். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர். பட்டறையில் சம்பளத் தாளில் கையெழுத்துப் போடுவதற்காகத் தன் பெயரை மட்டும் பழகியிருந்தார். சாக்பீஸை உளி பிடிக்கிற மாதிரி பிடித்து, கட்டத்துக்கு ஓர் எழுத்தாகத் தண்டபாணி என்று எழுதினார். தண்டம் கோல், பாணி கை. ஆனால் பழக்கதோஷம், முதலில் 'மு.' போட்டுவிட்டார். அது கட்டத்துக்கு வெளியே தனியாக நின்றது. காரியதரிசி ஐயா துணியை எடுத்தார். "அது எங்க அப்பாங்க, இருக்கட்டும்," என்றார் அண்ணன். அன்றைக்கு நீங்கள் சிரித்த சிரிப்பை நான் வேறு எப்போதும் பார்க்கவில்லை.

அப்படித்தான் சனிக்கிழமைக் கதவு திறந்தது. முதல் வாரம் புது இதழை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாரும் வந்து சேரும் வரை பிரிக்காமலே உட்கார்ந்திருந்தீர்கள். ஆறு வருஷம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. காப்பாரிலிருந்து ஒரு பெண் காலை பஸ் பிடித்து வந்துபோனாளே, அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டுமா கற்றுக்கொடுத்தீர்கள்? எதிரில் இருக்கிறவன் சொல்வதில் எது நிஜம், எது பொறி என்று பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொடுத்தீர்கள். வீட்டில் ஒரு பொய் சொல்ல முடியவில்லை என்று அவள் புருஷன் என்னிடம் வந்து முறையிட்டான். நல்லா வேணும் என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது போன சனிக்கிழமைக்கு வருகிறேன்.

வருஷம் திரும்புகிறதே என்று காரியதரிசி ஐயா உங்கள் பெயரைச் சுவரில் எழுதி வைக்கலாம் என்றார். அவருக்கும் வயசாகிவிட்டது, உங்களைப் பற்றிப் பேசினால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பதிவேட்டைப் பார்த்து எழுதுவோம் என்று பெண்கள் பக்கத்தைப் புரட்டினார். முதல் வரியில் 'மு. தண்டபாணி சம்சாரம்' என்று இருந்தது. அதன் கீழே 'செல்லமுத்து சம்சாரம்'. அதன் கீழே 'கிராணி ராகவன் தாயார்'. பக்கம் பக்கமாக அப்படியே.

எழுதியது யார்? நான்தான் அண்ணி. என் கையெழுத்துதான். உங்களுக்காகப் பெஞ்சைத் தட்டிக் கத்தினவன், கதவு திறந்த அன்றைக்கே உட்கார்ந்து உங்கள் பெயரை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். ஏழு வருஷம் அந்த ஏட்டைத் திறந்து மூடியும் எனக்கு உறைக்கவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்களே, ஏன் ஒன்றும் கேட்கவில்லை? நானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா?

"அவங்க பேரு என்ன தம்பி?" என்றார் காரியதரிசி ஐயா. எனக்குத் தெரியாமல் இல்லை. வாயைத் திறந்தால் 'அண்ணி' என்றுதான் வருகிறது. இருபது வருஷமாக நாக்குக்கு வேறு பழக்கம் இல்லை. பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

சனிக்கிழமை காரியதரிசி ஐயாவையும் பதிவேடு எழுதுகிற என்னையும் தவிர ஆண்கள் உள்ளே வரக்கூடாதல்லவா, அண்ணன் ஜன்னலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஒவ்வொரு சனியும் அங்கேதான் நிற்கிறார், இப்போதும். உங்களை இந்தா, ஏ புள்ள என்பதைத் தவிர வேறு எதுவும் கூப்பிடாத மனுஷன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"காமாட்சி. எழுதிக்குங்க ஐயா. காமாட்சி."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "அவ இருக்கிறப்ப ஒரு தடவைகூடக் கூப்பிடலையேடா," என்றார். அவர் அழுதார், அண்ணி. உங்களைத் தூக்கிய அன்றுகூட அழாதவர் அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அப்போது செல்லமுத்து அண்ணன் வீட்டு அக்கா எழுந்தார். நீங்கள் போன பிறகு அவர்தான் சனிக்கிழமை கரும்பலகையில் நின்று விளக்குகிறார். "அப்படின்னா எங்களுக்கும் பேரு இருக்குங்க. நான் பவளம். எழுதுங்க," என்றார். பின்னாலிருந்து ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். சில பேருடைய பெயரை அன்றைக்குத்தான் நான் முதல் தடவை கேட்டேன். கேட்கக் கேட்க எழுதிக்கொண்டேன், கை வலித்தது.

அந்த ஏட்டை ஓரமாக வைத்துவிட்டோம். புதிதாக ஒன்று தைத்து அட்டை போட்டிருக்கிறேன். எல்லாப் பெண்களையும் அவரவர் பெயரிலேயே நானே எழுதுகிறேன், இது என் சத்தியம். இனி யாரையும் இன்னாருடைய இன்னார் என்று என் பேனா எழுதாது. முதல் வரி எழுதி முடித்தாயிற்று. அந்த ஒரு வரியைத் தானே எழுத வேண்டும் என்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். நான்கு நாள் சிலேட்டில் பழகினார். 'ட்' மேல் வைக்கிற புள்ளியை ஒவ்வொரு தடவையும் மறந்து, பிறகு வைத்தார். எழுதி முடித்ததும் உங்கள் அடுப்படிப் பக்கம் பார்த்து, சாதாரணமாகத் தண்ணீர் கேட்கிற மாதிரி, அந்தப் பெயரைச் சொல்லி உங்களைக் கூப்பிட்டார்.

உங்கள் கொழுந்தன்,
மு. ராமநாதன்