மலை வாய்க்காலில் உன் முறை

லா சப்பல், பாரிஸ்

அன்பு மகள் யசோதினிக்கு,

நானும் அம்மாவும் இங்கு நலம். அந்த மெல்லிய காற்றிலும் மூச்சு முட்டாமல் நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பியே தொடங்குகிறேன். தொலைபேசியில் அம்மா எனக்கு வாய் திறக்க இடம் தருவதில்லை. அதனால் கடிதம்.

வென்றுவிட்டாய், பிள்ளை. பெருவின் மலையில் ஒரு சின்ன ஊர், பகலில் தோலை உரிக்கும் வெயில், இரவில் உறைபனி, படிப்படியாய் வெட்டிய வயல்கள், மேலே ஏரியிலிருந்து இறங்கும் ஒரே வாய்க்கால். ஆண்டுக்கொருமுறை ஊர் கூடி அதைத் தூர்வாரும் நாளில் ஆளும் தந்து சாப்பாடும் தந்த வீட்டுக்குத்தான் தண்ணீர் முறை என்று நீ சொன்னதிலிருந்து அம்மாவுக்கு நித்திரையில்லை. முறை கிடைத்தால் உன் துண்டு நிலத்தில் விதைக்கலாம். இல்லாவிட்டால், இரண்டு வருடமாக ஊர் மருந்தகத்தில் அவர்களுக்கு ஊசி போட்டும் நீ வெறும் வாடகைக்காரி. அந்த நாள் சாப்பாட்டுக்கு அம்மா முதலில் பாலும் அரிசியும் போட்டுப் புக்கை பொங்கச் சொன்னார். பால் உடனே பொங்கியது, அரிசி கல்லாகவே கிடந்தது. அந்த உயரத்தில் தண்ணீர் போதிய சூடு ஏறுமுன்பே கொதித்துவிடும் என்றேன். கொதிக்கிற தண்ணி சுடாதோ, உந்தப் படிச்ச கதையை விடுங்கோ என்று என்மேல் பாய்ந்தார். விறகு காணாது, இன்னும் வை என்று உனக்கும் ஏச்சு. ரூ லூயி-பிளாங்கில் கடை வைத்திருக்கும் றெமிஜியஸ் அண்ணை, பிள்ளை கெதியிலை திரும்பி வந்திடும், அறையை ஒருத்தருக்கும் குடுத்திடாதையுங்கோ என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

பிறகு நீதான் சொன்னாய், உங்கள் சந்தையில் வறுத்த வாற்கோதுமை மா விற்கிறதென்று. அம்மா எழுந்தே நின்றுவிட்டார். வறுத்த மாவெண்டால் பாதி அவிஞ்ச மாதிரி, மிச்சத்தை ஆவி பாக்கும், பிட்டு அவி பிள்ளை என்றார். பிட்டு அவிக்கும் ஓலை நீத்துப்பெட்டி தபாலில் புறப்பட்டது. தேங்காய்க்குப் பதிலாக நீ சீஸ் உதிர்த்துப் போட்டதை மட்டும் அவர் இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஞாயிறு, தூர்வாரி முடிந்ததும் உன் செய்தி வந்தது. வாய்க்கால் ஓரம் விரித்த நீளத் துணி. அவித்த கிழங்கு, சோளம், நடுவில் உன் பிட்டு. ஊருக்குத் தண்ணீர் முறை பிரித்துக் கொடுக்கும் பெண் சேற்றுக் கையைக் கழுவிவிட்டு இரண்டாம் தரமும் அள்ளித் தின்று, இந்த வீட்டுக்கு வியாழக்கிழமை என்றாராம். விருந்தாளி என்று சொல்லவில்லை. வீடு என்றார். மெட்றோவில் இதைத் திரும்பத் திரும்பப் படித்து, லூயி-பிளாங்கில் இறங்க மறந்து ஒபர்வில்லியேயில் நின்றேன்.

மாலையில் அம்மா தலை நிமிர்ந்து றெமிஜியஸ் அண்ணையின் கடைக்குள் போனார். இருந்த நீத்துப்பெட்டிகள் அத்தனையையும் எடுத்தார். என்ன தங்கச்சி, சாப்பாட்டுக்கடை போடப்போறியளோ என்று அவர் கேட்டார். இல்லை அண்ணை, எங்கடை ஊருக்கு அனுப்ப என்றார் அம்மா. யாழ்ப்பாணத்திலை இல்லாத நீத்துப்பெட்டியோ என்று அவர் விழித்தார். அதுவரை அம்மாவுக்கு உன் ஊர் வெறும் 'அந்த மலை'.

நீடு வாழ்வாய் மகள், உன் முறையில் தண்ணீர் குறையாதிருக்கட்டும். வெயிலில் தொப்பியை மறக்காதே. வியாழக்கிழமை முதலில் மண்வெட்டியைப் பிடித்துத் தண்ணீரைத் திருப்பு, பிறகுதான் எங்களுக்குப் படம் எடுப்பது.

உன் அப்பா,
குகதாசன்