கீச்சுக்காரி

என் தங்கச்சிக்கு,

கோபம் ஆறினதும் படி. இங்கே நான் சௌக்கியம்.

இப்போது ஆன்லைனில் தையல் சொல்லித் தருகிறேன். பதினோரு பெண்கள். அதில் ஒருத்தி மட்டும் முகமும் காட்டமாட்டாள், வாயும் திறக்கமாட்டாள். மைக்கை அணைக்காமல் எல்லோரும் சேர்ந்து தைப்போம் என்றேன். அவளுடைய மெஷின் மட்டும் கீச்சுக்கீச்சென்று கத்தும். அந்தச் சத்தத்தோடு பத்து நாள் தைத்தோம்.

நேற்று அந்தக் கீச்சைக் காணோம். எல்லோரும் தைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"கீச்சுக்காரி வரலையாக்கா?"

"இங்கதான் இருக்கேன்," என்றது ஒரு புதுக் குரல். "உங்களுக்குத் தொந்தரவா இருக்குமேன்னு எண்ணெய் விட்டேன்."

"யாரு விடச் சொன்னா?" என்று ஒருத்தி சண்டைக்கே போய்விட்டாள். கீச்சுக்காரி சிரித்தது எல்லோருக்கும் கேட்டது.

அன்றைக்கு உன்னை வாயை மூடச் சொன்னவள் நான்தான். திட்டுவதற்காவது போன் பண்ணு.

உன் அக்கா