பெயரெழுதிய ஹெல்மெட்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் நல்ல மழை. விட்டபிறகு சிதறால் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குப் பின்னாலிருக்கும் பாறைக்காட்டுக்குப் போனோம். மாதக்கணக்காகத் தரையில் பைக் ஓட்டிப் பழகிய பிறகு முதல் தடவையாகக் கல்மேல் ஏறினேன். ஏறினேன் என்று எழுதலாமா தெரியவில்லை. பாதி நான் ஏறினேன், மீதி வண்டி என்மேல் ஏறியது. முட்டியில் சிராய்ப்பு.

குற்றம் முழுக்க ஹெல்மெட்டுடையது. தம்பி மஸ்கட் போகும்போது விட்டுப்போன முழுமுக ஹெல்மெட். குனிந்தால் அதன் தாடைதான் தெரிகிறது, முன்சக்கரம் தெரியவில்லை. தலையைத் திருப்பினால் தலை மட்டும் திரும்புகிறது, ஹெல்மெட் அப்படியே நிற்கிறது.

பினு பார்த்துக்கொண்டே இருந்தான். வண்டி அவனுடையது, கத்தாரில் இந்த விளையாட்டைப் படித்து வந்தவன், அதனால் சட்டமும் அவனுடையது. “முகம் திறந்தது, தலைக்குச் சரியா இருக்கது, அது இல்லாம இனி நீ கல்லுல கேறாண்டாம்” என்றான். நியாயம்தான். ஆனாலும் கோபம்.

22ஆம் தேதி நெய்யாற்றின்கரைக்காரர்கள் போட்டிக்கு வருகிறார்கள். எங்கள் பக்கம் பினுவும் இன்னொரு ஆளும். நானா ஷிபுவா என்பதுதான் கேள்வி. கால் ஊன்றினால் புள்ளி போகும், ஷிபு பாறையைக் கண்டாலே ஊன்றுகிறவன். ஆனால் அவனிடம் ஹெல்மெட் இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

லேப் வேலை முடிந்து தக்கலையில் கடை கடையாக. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: உங்களுக்கா? ஒரே பதில்: லேடீஸ் மாடல் இருக்கு. லேடீஸ் மாடல் என்றால் ரோஸ் நிறத்தில் பூ.

என்ன சைஸ் என்று கேட்டால் ஃப்ரீ சைஸ் என்கிறார்கள். தலையில் ஏது ஃப்ரீ சைஸ்? இறுக்கமானதை மாட்டிவிட்டு, போடப்போட லூசாகும் என்றார் ஒருவர். லூசானதை மாட்டிவிட்டு, முடியைக் கட்டினால் டைட்டாகும் என்றார் அடுத்தவர். மூன்றாவது கடைக்காரர் பெருந்தன்மையாக, “இதப் போட்டா போலீசு பிடிக்கமாட்டான், உறப்பு” என்று உறுதி கொடுத்தார். பாறைமேல் எந்தப் போலீஸ் வந்து என்னைப் பிடிக்கப்போகிறது.

பஸ்ஸிலும் இடம் இல்லை. தலைவலி.

ஜூன் 11, புதன்

லேப்பில் கூட்டம். கடைக்குப் போகவில்லை.

இரவுச் சாப்பாட்டில் அம்மா ஆரம்பித்தாள். முகம் மூடாத ஹெல்மெட் எதற்கு, பல் போனால் யார் பதில் சொல்வது என்று. நான் விளக்கினேன். இதில் வேகமே கிடையாது அம்மா, கால் ஊன்றாமல் கல் தாண்ட வேண்டும், அவ்வளவுதான், நடக்கிற வேகம்கூட இல்லை, நின்றுகொண்டே ஓட்டுவதால் வண்டிக்கு சீட்டே கிடையாது, சக்கரம் எந்தக் கல்லில் இருக்கிறதென்று கண்ணால் பார்த்தாக வேண்டும். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, “அப்பம் நடந்தே போலாமே” என்றாள்.

நான் வண்டி ஓட்டுகிற கோபத்தில் அப்பா என்னிடம் பேசி மாதக்கணக்காகிறது. கடல் கொந்தளிப்பு, வள்ளம் கரையில். பகல் முழுக்க அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார், பெயின்ட் அடிக்க. மீன் முள்ளை எடுத்து எனக்கு வைக்கிறார். வாய் மட்டும் திறப்பதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை.

ஜூன் 14, சனி

கிடைத்துவிட்டது!

நாகர்கோவிலில், பஸ் ஸ்டாண்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஒரு கடை. கடைக்கார அக்கா எதுவும் கேட்காமல் முதலில் டேப்பை எடுத்துத் தலையைச் சுற்றி அளந்தாள். அங்கேயே அழுதிருப்பேன். வெள்ளை, முகம் திறந்தது, லேசு. தலையை ஆட்டினால் நெற்றித் தோலும் கூடவே ஆடுகிறது, அவ்வளவு பொருத்தம். வாருக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல். கொண்டையைக் கழுத்துக்கு இறக்கினால் பின்பக்கமும் இடிக்கவில்லை.

அந்த அக்கா இரண்டு தரம் சொன்னாள்: பெயின்ட், பெட்ரோல், தின்னர் எதுவும் படக்கூடாது, பட்டால் ஓடு வெளியே தெரியாமல் பலமிழந்துவிடும். ஹெல்மெட்டுக்கு யார் பெயின்ட் அடிக்கப்போகிறார்கள் என்று சிரித்தேன்.

முன்னறை ஷெல்ஃபில், மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அப்பா வந்ததும் அதைத்தான் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் தின்னர் வாடை. ஷெல்ஃபில் நீல ஹெல்மெட். எங்கள் வள்ளத்தின் நீலம். முன்னால் மஞ்சள் எழுத்தில் என் பெயர், சகாய ஜெனி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மீன். பின்னால் மாதா துணை.

வள்ளத்துக்குப் பெயர் எழுத வந்த தாசன் அண்ணனைக் கூப்பிட்டு அப்பா எழுத வைத்திருக்கிறார். பழைய வெள்ளையை முதலில் தின்னர் போட்டுத் துடைத்தார்களாம், பெயின்ட் பிடிக்கட்டும் என்று. நல்லாத் துடைத்தார்களாம். அம்மா பெருமையாகச் சொன்னாள்.

அப்பா பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார். “பேரில்லாத்தது கடலில எறங்கப்பிடாது மக்களே. பாறைக்கும் அப்பிடித்தானே” என்றார்.

இத்தனை மாதத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. எனக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. கொள்ளாம்ப்பா, நல்லாருக்கு என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகையும் ஆத்திரமும். எதற்கு எது என்று பிரிக்க முடியவில்லை. எழுத்து வேறு அவ்வளவு அழகு, பாவி மனுஷன் தாசன்.

ஜூன் 18, புதன்

பினுவுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். சிரிக்கவில்லை, அதுவே பயமாக இருந்தது. “அது தீந்துது. இனி அதச் சட்டியா வச்சு சோறு பொங்கலாம், தலையில வைக்கப்பிடாது.” ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கொண்டுவா, இல்லையென்றால் ஷிபு என்றான்.

நாகர்கோவில் அக்காவுக்கு ஃபோன். என் சைஸ் இப்போது இல்லை, சனிக்கிழமை வரும். வருமா என்று மூன்று தரம் கேட்டேன். நாலாவது தரம் அவளுக்கும் எரிச்சல்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்லத் தைரியமில்லை. பெயின்ட் இவ்வளவு நல்லா இருக்கிறது, பாறையில் உரசிப் போய்விடும், இது வீட்டில் இருக்கட்டும், உருண்டு விழ வேறொன்று வாங்கிக்கொள்கிறேன் என்றேன். நம்பிவிட்டார். சந்தோஷப்பட்டார்கூட. இவ்வளவு நல்ல பொய் எனக்கு வருமென்று தெரியாது.

ஜூன் 20, வெள்ளி

வேலைக்குப் போகும் பஸ். ஜங்ஷனில் நெரிசல். ஜன்னல் வழியே பார்க்கிறேன், மொபெட்டில் அப்பா. தலையில் நீல ஹெல்மெட்.

அப்பா ஆயுசில் ஹெல்மெட் போட்டதில்லை. போலீஸைக் கண்டால் சந்துக்குள் திருப்புகிற ஆள். இன்று போலீஸ்காரருக்கு முன்னாலேயே, தலை நிமிர்ந்து, என் பெயரை நெற்றியில் வைத்துக்கொண்டு போகிறார். எதிரே வந்தவர் வண்டியை நிறுத்தி எழுத்தைப் படித்தார். அப்பா தலையைத் திருப்பித் திருப்பி மீனைக் காட்டினார்.

பஸ்ஸிலிருந்து கூப்பிட்டது கேட்கவில்லை. லேப்பில் ஒரு சாம்பிளை மாற்றி வைத்துத் திட்டு வாங்கினேன். சொல்லாமல் விட்டது நான். அவர் தலைக்கு ஒன்று ஆனால்?

இரவு சொல்லலாமென்று காத்திருந்தேன். அவருக்குக் காய்ச்சல்போல் இருக்கிறதென்று சீக்கிரம் படுத்துவிட்டார். மொபெட் சாவியை எடுத்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

வந்துவிட்டது. அதே வெள்ளை. நாகர்கோவில் போய் வாங்கி வந்தேன். சந்தோஷம் துளியும் இல்லை.

அப்பா வாசலில் மொபெட் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார், ஹெல்மெட் தலையில். சொல்லிவிட்டேன். தின்னர் பட்டதால் பலம் போய்விட்டது, விழுந்தால் தலையைக் காக்காது என்று. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“வள்ளத்துக்கு அடிச்சா காக்கும். இதுக்கு அடிச்சா கேடா?”

“ஆமாப்பா.”

“அண்ணைக்கே ஏன் சொல்லேல்ல?”

“உங்களுக்கு விஷமம் ஆவும், மனசு நோவும்ணு.”

மஞ்சள் எழுத்தைக் கட்டைவிரலால் தடவினார். “எனக்க தலை ரோட்டுல செதறியிருந்தா உனக்கு விஷமம் இல்லியா ஏட்டி?” என்றார். சத்தமே போடவில்லை. போட்டிருக்கலாம்.

உள்ளே போய்த் தேங்காய்நார்க் கயிறு அறுக்கும் கத்தியை எடுத்து வந்து, ஹெல்மெட்டின் வாரை இரண்டு பக்கமும் அறுத்தார். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதாம். பிறகு அதைப் பழையபடி மாதா படத்துக்குக் கீழே வைத்தார்.

புதியதைக் காட்டச் சொன்னார். எடுத்து வந்தேன். கை நீட்டினார். கொடுக்காமல் நானே பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் விரலில் வள்ளத்துக்கு மறுபூச்சு அடித்த நீலப் பெயின்ட் காயாமல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் ஏன் இப்படி இருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

விடிகாலை. தூறல். வாட்டர் பாட்டில், கிளவுஸ், முட்டிக்கட்டு எடுத்தாயிற்று. பினு வேனோடு கிளம்பிவிட்டானாம். அவன் வருமுன் இதை எழுதிவிட வேண்டும்.

அப்பா கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தார். துணி சோப்புப் போட்டு, நகம்வரை. இடுப்புச் சாரத்தில் துடைத்து, முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவினார். நான் ஹெல்மெட்டை மாட்டி வாரை இழுத்துக்கொண்டிருந்தேன். வந்து எதிரே நின்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகும்போது நெற்றியில் போடுவாரே, அதுபோல வெள்ளை ஹெல்மெட்டின் முன்பக்கம் கட்டைவிரலால் ஒரு சிலுவை போட்டார். வெறும் விரல், ஈரம்கூட இல்லை. உடனே கையை இழுத்துக்கொண்டார்.

“இது ஒண்ணும் செய்யாதுல்லா?” என்று கேட்டார்.