டாக்டர் ஹலந்தோனிக்கு இரண்டு மதிப்பெண்

பிப்ரவரி 3, செவ்வாய்

குடலிறக்க ஆபரேஷன். கீறியது நான். குடல் பிதுங்கிய பையைப் பிரிக்க ஆரம்பித்ததும் ஹலந்தோனி மேடம் கை நீட்டினார். "குடு டோட்டோ, களைச்சுப் போயிருக்க." பயிற்சி டாக்டர் எவனாயிருந்தாலும் அவருக்கு டோட்டோ, அதாவது தம்பிதான். கத்தரியைக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் காயத்தை விரித்துப் பிடிக்கும் கொக்கியோடு நின்றேன். முடிந்ததும் எல்லோருக்கும் பாச்சோய் சூப் வாங்கித் தந்தார்.

ஜூனில் இந்த இலோய்லோ நகரத்தை விட்டு ஒரு தீவு மருத்துவமனைக்குப் போகிறேன். அங்கே அறுவை சிகிச்சை டாக்டர் நான் ஒருவன்தான். ஒரு குடலிறக்கத்தைக்கூட முழுசாகச் செய்ததில்லை. கொக்கி பிடிப்பதில் மட்டும் நிபுணன்.

பிப்ரவரி 5

கற்றுத்தருபவர்களுக்கு நாங்கள் மதிப்பெண் போட வேண்டுமாம். எங்கள் பெயர் எழுத வேண்டாம். 'ஆபரேஷனில் உங்களைச் செய்ய விடுகிறாரா?' ஐந்துக்கு எத்தனை?

மேடத்துக்கு இரண்டு. கத்திக் கத்தியே குடல்வால் ஆபரேஷன் முழுவதையும் என்னைச் செய்ய வைத்த டாக்டர் தெஹாடாவுக்கு ஐந்து.

என்னோடு பயிலும் நோனோய் தலையில் அடித்துக்கொண்டான். "லூசாடா நீ? அவங்ககிட்ட இருக்கறதே நாம ரெண்டு பேரு. நான் அஞ்சு போட்டேன். மீதி யாரு, ஆவியா?"

"உள்ளதத்தான போட்டேன்."

"சோறு வாங்கித் தர்றவங்களுக்கு எவனாவது ரெண்டு போடுவானா?"

இந்த ஊரில் எவனும் போட்டதில்லை. அதுதான் பிரச்சினையே.

பிப்ரவரி 12

முடிவு வந்துவிட்டது. நடைபாதையில் மேடம் சிரிக்காமல் போனார். செத்தேன்.

பிப்ரவரி 13

தப்புப் பண்ணிட்டனா? போன மாசம் காய்ச்சல்ல கெடந்தப்ப ரூமுக்கே கஞ்சி குடுத்தனுப்பினாங்க. அவங்களுக்குப் போய் — ஆனா எப்படிப் பாத்தாலும் ரெண்டுதான். மூணு வராது.

பிப்ரவரி 17, செவ்வாய்

குடலிறக்கம். நோயாளி மீனவர். மயக்க மருந்து கொடுத்தாயிற்று. மேடம் உள்ளே வந்தார் — கை கழுவாமல். அங்கி இல்லை, கையுறை இல்லை. அந்தக் கையால் எதையும் தொட முடியாது.

"கையுறை எடுக்கட்டுமா மேடம்?" என்றார் நர்ஸ்.

"வேணாம். ஒரு ஸ்டூல் போடு." சுவரோரம் உட்கார்ந்தார். "ஆரம்பி டோட்டோ. கொக்கிய நோனோய் பிடிப்பான்."

பாதியில் ரத்தம் கசிந்தது. திரும்பினேன். ஸ்டூல் காலி. "எங்கருந்து வருதுன்னு மொதல்ல பாரு." குரல் மட்டும் கதவுப் பக்கமிருந்து வந்தது. பார்த்தேன். சின்ன ரத்தக்குழாய். கட்டினேன். கடைசித் தையல்வரை நானே.

வெளியே காத்திருந்தார். முழங்கைவரை ஈரம், சட்டையெல்லாம் தண்ணீர்.

"ரெண்டு தடவ கை கழுவப் போயிட்டேன்டா. பாதியில நிறுத்திட்டுத் திரும்பி வந்துட்டேன்."

அவருடைய ஈரக் கையை எடுத்து என் நெற்றியில் வைத்துக்கொண்டேன். வீட்டில் அம்மாவிடம் ஆசி வாங்கச் செய்வது. ஆஸ்பத்திரியில் யாருக்கும் செய்ததில்லை. சோப்பு வாசம்.

"ரொம்ப மெதுவாச் செய்யற," என்றார். "வெள்ளிக்கிழம இன்னொண்ணு இருக்கு."