பின்னால் பாய்ந்த காரும் நான் இழுக்காத ஹேண்ட் பிரேக்கும்

அனுப்புநர்
ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர்
(கீழ்க்கண்ட காரின் உரிமையாளரும் ஓட்டுநருமான பெண்ணின் தாய்மாமன்).
பெயரும் முகவரியும் ஒட்டிய தனி உறையில் உள்ளன. இந்த மனுவின் நகல் எப்படியும் கம்பெனிக்காரர்கள் மேசைக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தோன்றுவதால் இந்த ஏற்பாடு.

பெறுநர்
உயர்திரு வாகனப் பாதுகாப்பு ஆய்வு அலுவலர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை அலுவலகம், மூன்றாம் மாடி.
(தங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. அதற்குத் தனி மனு தருகிறேன்.)

பொருள்: சொகுசு கார் பிரேக் பிடிக்காமல் பின்னோக்கிப் பாய்ந்தது – ஓட்டுநரின் உரிமத்தை ரத்து செய்ய விசாரணை – காரைக் கம்பெனி எடுத்துப் போகுமுன் முத்திரை வைக்கக் கோருதல் – காவல் நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: (அ) எனது வாக்குமூலம், சென்ற மாதம் 18ஆம் தேதி. (ஆ) கார் கம்பெனியின் தொழில்நுட்ப அறிக்கை, இம்மாதம் 3ஆம் தேதி.

மதிப்பும் பொறுமையும் மிக்க ஐயா,

1. வணக்கம். நான் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் லிஃப்ட் ஓட்டியவன். சம்பளப் பட்டியலில் ஆபரேட்டர் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் மெக்கானிக் வந்து சேர்வதற்குள் பாதி ரிப்பேரை நான் முடித்து வைத்திருப்பேன் என்பது அந்தக் கட்டடம் முழுக்கத் தெரிந்த விஷயம். மந்திரிகள், நீதிபதிகள், ஒரு சர்க்கஸ் கம்பெனிக் குரங்கு உட்படப் பல்லாயிரம் பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது. படிப்பு எட்டாம் வகுப்புதான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். விஷயத்தில் இருக்கும் ஒரே பிழையை ஆறாம் பத்தியில் நானே சொல்லியிருக்கிறேன்.

2. என் தங்கை மகள், எனக்கு மருமகள் முறை, பதினோரு ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறாள். பெரிய ஓட்டல்களில் தங்கும் விருந்தினர்களை அழைத்துப் போவதற்காக இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொகுசு காரைப் புதிதாக வாங்கினாள். அவள் ஓட்டும் அழகைத் தாங்கள் பார்த்ததில்லை. மஞ்சள் விளக்கு விழுந்தாலே நின்றுவிடுவாள். ஒருநாள் பின்னால் வந்த ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, சிவப்பு விழறதுக்கு முன்னாடியே நிக்கிறியே, இடம் முன்பதிவு பண்ணியிருக்கியா?" என்று கேட்டார். அப்படிப்பட்டவளின் உரிமத்தைத்தான் வரும் 20ஆம் தேதி விசாரணை வைத்து ரத்து செய்யப் போவதாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அந்த அட்டை போனால் அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

3. கோளாறு திடீரென்று வந்ததல்ல. முதலில் கண்ணாடி தானாக இறங்கியது. பிறகு நிறுத்தி வைத்திருந்த கார் தானாக ஹார்ன் அடித்தது. நான் அதைப் பார்த்து, "யாரையோ கூப்பிடுது" என்று கேலி செய்தேன். நான்கு மாதங்களுக்கு முன் கேலி நின்றுவிட்டது. பின்னால் எடுக்கும்போது முன்னால் இருக்கும் திரை கறுத்துப் போனது, மணி போல ஒரு சத்தம் வந்தது, பிரேக் பெடல் கல்லாக இறுகிவிட்டது. மூன்று விநாடி கழித்து எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் விட்டாள். இரண்டு நாள் கழித்துக் காரைக் கழுவித் துடைத்து, "குறை ஏதும் காணப்படவில்லை" என்று ஒரு தாளுடன் கொடுத்தார்கள். கூடவே அங்கிருந்த மேலாளர், "இந்த மாதிரி யாருமே சொன்னதில்ல மேடம். உங்க வண்டியில மட்டும்தான்" என்றார். அந்தக் கடைசி வார்த்தையைத் தயவுசெய்து நினைவில் வைக்கவும்.

4. மறுபடியும் அதே கோளாறு. இரண்டாம் முறை நானும் கூடப் போனேன். அந்த சர்வீஸ் சென்டரில் ஒரு வழக்கம் இருக்கிறது, ஐயா. வருகிறவர்களை ஒரே இடத்தில் உட்கார வைப்பதில்லை. ஆளுக்கொரு சிறிய அறை, கதவு, காப்பி, உடம்பு பிடித்துவிடும் நாற்காலி. "சார், உங்களுக்குன்னே தனி ரூம்" என்று ஒரு பெண் சிரித்த முகத்துடன் கதவைச் சாத்திவிட்டுப் போனாள். எனக்கு அப்போதே உறைத்தது. லிஃப்டில் முப்பத்தொரு ஆண்டு இருந்தவனுக்கு ஒன்று தெரியும்: நான்கு பேரை ஒரு பெட்டிக்குள் நிறுத்தினால் நான்கு விநாடியில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இவர்கள் ஏன் பேசவிடாமல் வைத்திருக்கிறார்கள்?

எழுந்து வெளியே வந்தேன். யாரென்று கேட்டவர்களிடம், "லிஃப்ட் பார்க்க வந்திருக்கேன்" என்றேன். லிஃப்ட் பார்க்க வந்தவனை உலகத்தில் யாரும் தடுப்பதில்லை.

பக்கத்து அறையில் ஒரு பல் மருத்துவர் அம்மா. என்ன கோளாறு என்று கேட்டதும், "திரை கறுத்துப் போகுது, பிரேக் கல்லாயிடுது. பல்லு பிடுங்கும்போதுகூட எனக்குக் கை நடுங்காது. இதை ரிவர்ஸ் எடுக்கும்போது நடுங்குது" என்றார். அதற்கும் அடுத்த அறையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அவருக்கும் அதே திரை, அதே பிரேக், போனதோ வீட்டுக் கேட். இரண்டு பேரிடமும் மேலாளர் சொல்லியிருந்தது ஒரே வாசகம்: "உங்க வண்டியில மட்டும்தான்."

மூன்று பேரும் சேர்ந்து எழுதிக் கொடுப்போம் என்றேன். மருத்துவர் அம்மா உடனே சரி என்றார். ஜவுளிக்கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு, "அண்ணே, சத்தம் போடாதீங்க. வெளிய தெரிஞ்சா வண்டி விலை போகாது" என்றார். மறுவாரம் விற்றும் விட்டார். அந்தக் கார் இப்போது எந்த வீட்டு வாசலில், யார் நிற்கும்போது பின்னால் வருகிறதோ, எனக்குத் தெரியாது. தாங்கள் தேடிப் பிடித்தால் நல்லது. எங்கள் காரை இம்முறையும் அதே "குறை ஏதும் காணப்படவில்லை" தாளுடன்தான் திருப்பிக் கொடுத்தார்கள்.

5. சென்ற மாதம் 18ஆம் தேதி காலை பதினொரு மணி. என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டுத் திரும்பக் கிளம்புகிறோம். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் காரைப் பின்னால் எடுத்தாள். மணிச் சத்தம் வந்தது. "மாமா, பிரேக் பிடிக்கல!" என்று கத்தினாள். கார் பாய்ந்தது. பார்க்கிங் சீட்டு கிழித்துக் கொடுக்கும் ஊழியரின் மரக்கூண்டு நொறுங்கியது, அவர் வலது கால் முறிந்தது. பிறகு கார் சுவரில் மோதி நின்றது. சத்தம் நான்கு தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்குள் இரண்டு பேர் கட்டிலிலிருந்து இறங்கி ஓடினார்கள் என்றும் சொன்னார்கள். (கட்டிலிலிருந்து இறங்கியதை நான் பார்க்கவில்லை. கால் முறிந்தது நிச்சயம்.)

அந்த ஊழியரை நான்கு முறை போய்ப் பார்த்துவிட்டேன். மாவுக்கட்டுடன் படுத்துக்கொண்டே அவர் சொன்னது: "பின்னாடி சிவப்பு லைட் ரெண்டும் பளிச்சுன்னு எரிஞ்சுது சார். எரிஞ்சுக்கிட்டேதான் என் மேல வந்துச்சு. இருபது வருஷமா வண்டிக்குப் பின்னாடி நிக்கிறவன். பிரேக்ல கால் இருந்தாத்தானே அந்த லைட் எரியும்? அந்தப் பொண்ணை ஒண்ணும் பண்ணாதீங்க." கால் உடைந்தவரே இப்படிச் சொல்கிறார், ஐயா.

6. இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். இதை எழுதத்தான் மூன்று நாள் ஆனது.

அன்று காவல் நிலையத்தில் கூட்டம் கூடிவிட்டது. ஆய்வாளர், "நேர்ல பார்த்தது யாரு?" என்று கேட்டார். நான் எழுந்தேன். உடனே எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியில்தான் நான் கெட்டேன். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் கீழ்க்கண்டவாறு சொன்னேன், எழுதிக்கொண்டார்கள், கையெழுத்தும் போட்டேன்:

"பொண்ணு பதறிப் போய் பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சிட்டா. நான் என் கண்ணால பார்த்தேன். பின் சீட்டுலேர்ந்து ஒரே பாய்ச்சலாப் பாய்ஞ்சு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல இருக்கிற ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். இல்லேன்னா இன்னும் பத்துப் பேர் போயிருப்பாங்க."

நான் ஒருவரைக் காப்பாற்ற வேண்டுமென்றால் யாராவது ஒருவர் தவறு செய்திருக்க வேண்டும் அல்லவா? அந்த நேரத்தில் அந்தக் கதைக்கு அவளைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை. அவள் அப்போது அந்த அறையில் இல்லை. கால் முறிந்தவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

நடந்தது இதுதான். அன்று என் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டிருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுப் பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். என் விரலே எனக்குத் தெரியவில்லை. கார் பாய்ந்தபோது முன் சீட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு "ஐயோ அம்மா" என்று அலறினேன். காரை நிறுத்தியது சுவர்.

7. இம்மாதம் 3ஆம் தேதி கம்பெனி தன் அறிக்கையைத் தங்களுக்கு அனுப்பியது. நகல் எங்களுக்கும் அன்றே வந்தது. "காரில் குறை இல்லை. ஓட்டுநர் தவறான பெடலை மிதித்ததைக் காரில் இருந்த நெருங்கிய உறவினரே நேரில் கண்டு உறுதி செய்திருக்கிறார். அவர் ஹேண்ட் பிரேக்கை இழுத்ததும் வாகனம் முறைப்படி நின்றுள்ளது" என்று இருந்தது. சீட்டு கிழிப்பவரின் வார்த்தையை, வலியில் இருந்தவர் பேச்சு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள்.

என் மருமகள் அதை இரண்டு முறை படித்தாள். "மாமா, உங்க கண்ணுல மருந்து விட்டிருந்தாங்களே. என் காலை எப்படிப் பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் கண் பரிசோதனைக்கு என்னை பஸ்ஸில் அழைத்துப் போனாள். படியில் தடுக்காமல் இருக்க வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

8. அன்று மாலை, போலீஸ் திருப்பிக் கொடுத்து வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் காரில் போய் உட்கார்ந்தேன். கண் நன்றாகத் தெரிந்தது. நான் இழுத்ததாகச் சொன்ன ஹேண்ட் பிரேக்கைத் தேடினேன்.

ஐயா, அந்தக் காரில் ஹேண்ட் பிரேக் கம்பியே கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவில் ஒரு பெட்டியும் டம்ளர் வைக்கும் இரண்டு குழியும்தான் உள்ளன. நிறுத்தும் பிரேக்குக்கு ஸ்டியரிங் பக்கம் நகம் அளவில் ஒரு பொத்தான். பின் சீட்டிலிருந்து என் கை நீளம் இன்னொரு முழம் வளர்ந்தாலும் எட்டாது. நான் சொன்னது பழைய டாக்சியில் பார்த்த பிரேக்.

நான் அறியாமல் உளறினேன். ஆனால் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட இன்ஜினீயர் அந்தக் காரைச் செய்கிற கம்பெனியின் ஆள். இல்லாத கம்பியை ஒருவன் இழுத்து நிறுத்தினான் என்று படித்ததும் அவர் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்திருக்க வேண்டும், அல்லது என்னைக் கூப்பிட்டு விசாரித்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், "முறைப்படி நின்றுள்ளது" என்று கூடச் சேர்த்து எழுதியிருக்கிறார். ஆகவே ஒன்று, அவர் காரைத் திறந்தே பார்க்கவில்லை. அல்லது, பார்த்துவிட்டு, என் பொய் வசதியாக இருக்கிறது என்று எடுத்து வைத்துக்கொண்டார். இரண்டில் எது என்று தாங்கள்தான் கேட்க வேண்டும். பொய் சொன்னவன் நான். அது பொய் என்று தெரிந்தே பயன்படுத்தியவர் யார்?

9. இன்னொன்று. குறையே இல்லாத காருக்கு, வரும் வெள்ளிக்கிழமை 14ஆம் தேதி, "நல்லெண்ண அடிப்படையில்" காரை எடுத்துப் போய், பிரேக்கை இயக்கும் பெட்டியை இலவசமாக மாற்றித் தருகிறார்களாம். பழைய பெட்டியை அவர்களே வைத்துக்கொள்வார்களாம். விசாரணை 20ஆம் தேதி. பெட்டி 14ஆம் தேதி. தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பெனிச் சட்டை போட்ட ஒருவர் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, "சும்மா ஒரு பார்வை" என்று சாவி கேட்டார். இரண்டாம் முறை சாவி கேட்கவில்லை, காரின் அடியில் குனிந்துகொண்டிருந்தார். அன்றிலிருந்து முன் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டு ஜன்னல் கம்பியோடு பூட்டியிருக்கிறேன். பூட்டு நான் வேலை பார்த்த கட்டடத்து மோட்டார் அறைப் பூட்டு. யானை இழுத்தாலும் வராது.

லிஃப்டில் கரண்ட் போனால் பிரேக் தானாகவே வந்து கவ்விக்கொள்ளும். மனிதன் தொங்கும் எந்த இயந்திரத்துக்கும் அதுதான் முறை. இவ்வளவு பெரிய காரில், திரை அணைந்தால் பிரேக்கும் சேர்ந்து போகிறது. எட்டாவது படித்தவனுக்குப் புரிவது அவர்களுக்குப் புரியாமல் இல்லை.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது: வெள்ளிக்கிழமைக்கு முன் தங்கள் ஆட்களை அனுப்பி அந்தக் காருக்கும் அதன் பெட்டிக்கும் முத்திரை வைக்க வேண்டும். கம்பெனியைச் சேராத ஒருவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். சீட்டு கிழிப்பவரையும் பல் மருத்துவர் அம்மாவையும் நேரில் கேட்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட தாள்கள் இணைப்பில் உள்ளன. என் வாக்குமூலத்தை வைத்து என் மருமகளின் உரிமத்தைத் தொடக் கூடாது. பொய் வாக்குமூலத்துக்குத் தண்டனை உண்டென்றால் அது என்னுடையது. அந்தக் காரில் பாய்ந்து காப்பாற்றிய வீரன் யாரும் இல்லை. பின்னால் ஒருவன் கண் தெரியாமல் அலறிக்கொண்டிருந்தான். முன்னால் ஒருத்தி, சுவர் வரும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இருந்தாள்.

கூப்பிட்ட நாளில் வருகிறேன். மூன்று மாடியும் படியேறியே வருகிறேன். எனக்கு நாற்காலி மட்டும் போட வேண்டாம், நின்றுகொண்டே சொல்கிறேன்.

இடம்: தங்கை வீட்டு முன்னறை, காருக்கு எதிரில்
நாள்: இம்மாதம் 11, செவ்வாய்க்கிழமை

உண்மையை இம்முறை அளந்து எழுதிய,
(கையொப்பம்)
ஓட்டுநரின் தாய்மாமன்

குறிப்பு: உறையை ஒட்டுமுன் மருமகள் இதை வாங்கிப் படித்தாள். எட்டு நாளுக்குப் பிறகு என்னோடு பேசினாள். முதல் பத்தியில் மந்திரி ஒருவர்தான், நீதிபதி யாரும் இல்லை என்று திருத்தச் சொன்னாள். அவ்வாறே திருத்தி வாசிக்கவும். குரங்கையும் எடுத்துவிடச் சொன்னாள். அதை மட்டும் எடுக்க முடியாது. குரங்கு உண்மையாகவே ஏறியது. ஐந்தாம் மாடியில் இறங்கியது.