நுரைக்காத ஈஸ்ட்

மாதாப்பூர், ஹைதராபாத்

அன்புள்ள அப்பாவுக்கு,

சௌம்யாவின் வணக்கம். முழங்கால் வலி குறைந்திருக்கிறதா? என் கல்யாணத்திலிருந்து நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் நலம். ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே பிரெட் செய்யப் பார்த்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். அந்த வாயுதான் மாவை உப்பவைக்கிறது. நான் அவசரத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டேன். நுரையே வரவில்லை.

“அது செத்துப்போச்சு, கொட்டிடு” என்றார் ஹர்ஷா. உங்களிடம் பேசுவதற்காகத் தமிழ் கற்றுக்கொண்டவர், அந்தத் தமிழை என்னிடம்தான் பேசுகிறார்.

குளிரில் ஈஸ்ட் தூங்கத்தான் செய்யும், எழுப்பிவிடலாம். சூட்டில் செத்தது திரும்பாது. அது தெரிந்தும், பொழுது சாயும்வரை அந்தக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. கழுவி வைத்துவிட்டேன்.

என் நீலச் சால்வை பீரோவில் இருந்தால் அனுப்புங்கள். யாருக்காவது கொடுத்திருந்தால் பரவாயில்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. பதில் எழுத வேண்டாம், அப்பா. கடிதம் கிடைத்ததென்று ஒரு மிஸ்டு கால் மட்டும் கொடுங்கள். நான் எடுக்க மாட்டேன்.

சௌம்யா