தலைவர் கையால்

வளர்மதிக்கு,

மோட்டார் கொட்டகையில் சௌகரியமாகத்தான் இருக்கிறேன். சோற்றை வரப்பிலேயே வைத்துவிட்டுப் போ, கிட்டே வராதே.

கொரோனா நிவாரண மளிகைப் பையை ரேஷன் கடைக்காரரே கொடுத்திருப்பார். பஞ்சாயத்துத் தலைவர் கையால் கொடுத்தால்தான் மரியாதை என்று நான்தான் போய் நின்றேன். முதலில் வந்தவர் உன் அம்மா. "மொகமே தெரியலைங்களே மாப்ள" என்றார். மாஸ்க்கை இறக்கிச் சிரித்தேன்.

அவருக்கு மூச்சு வாங்குகிறது, அரியலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று நேற்று வரப்பில் நின்று சொன்னாய். போகும்போது திரும்பி, "அன்னிக்குக் காலையில கொழம்புல உப்பே போட மறந்துட்டேன். நல்லாருக்குன்னு சாப்ட்டுட்டுத்தானே பை கொடுக்கப் போனீங்க?" என்று கேட்டாய்.

ருசி போனது அதற்கும் முந்தின நாளே, வளர்மதி. தெரிந்தேதான் போனேன்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்